எலும்போடு ஒட்டும் உலோகமும் எப்பாவலக் கல்லும்



போன கிழமை தரம் 10 பிள்ளை ஒன்று கேட்டது: "டீச்சர், எங்கட மூத்தம்மாக்கு இடுப்பில உலோகம் வெச்சிருக்கு. சீமெந்து போடல்லயாம், எலும்பே வளந்து பிடிக்குமாம். அது எப்பிடி?" வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1967இல் அமெரிக்கப் பேராசிரியர் லரி ஹென்ச் ஒரு மாநாட்டுக்கு பஸ்ஸில் போனார். பக்கத்தில் இருந்தவர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரி. "காயப்பட்டவர்களுக்கு நாம் வைக்கும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு தள்ளிவிடுகிறது. உடம்பு ஏற்கும் பொருளைச் செய்ய முடியாதா?" என்பதுதான் அவர் கேட்ட கேள்வியின் சாரம்.

ஹென்ச் யோசித்தார். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த ஒரு கனிமம். அதே சத்துகளைக் கொண்ட கண்ணாடி ஒன்றை 1969இல் செய்து எலிகளின் எலும்பில் வைத்தார்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு அதைக் கழற்ற முடியவில்லை. எலும்பு அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது.

ஆனால் கண்ணாடியும் மட்பாண்டம் போன்ற பொருட்களும் உடையும். இடுப்பின் பாரத்தை உலோகம்தான் தாங்கும். ஆகவே பலத்துக்கு உள்ளே உலோகம், உறவுக்கு மேலே எலும்புக் கனிமப் பூச்சு என்றானது. ஹைட்ரொக்சி அப்பதைட் என்ற அந்தக் கனிமத்தின் தூளைக் கடும் வெப்பத்தில் உருக்கி, உலோகத்தில் மெல்லிய படையாக விசிறுகிறார்கள். பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் ரொனால்ட் பர்லோங் 1985இல் இப்படிப் பூசிய செயற்கை இடுப்பு மூட்டை நோயாளர்களுக்குப் பொருத்தத் தொடங்கினார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தக் கனிமத்தின் சொந்தக் குடும்பமான அப்பதைட், அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தேயிலைக்கும் தென்னைக்கும் பசளையாகப் போடுகிறோம். தண்ணீரில் இலேசாகக் கரையாததால் நம் வயல்களுக்கு வெளிநாட்டுப் பசளை வாங்குகிறோம்.

அந்தக் கல்லை ஒரு வெளிநாட்டுக் கம்பனி பெருமளவில் அகழ்ந்தெடுக்க ஒப்பந்தம் தயாரானபோது, விவசாயிகளும் ஒரு பௌத்த பிக்குவும் உட்பட ஊர்வாசிகள் 7 பேர் உயர் நீதிமன்றம் போனார்கள். முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இல்லாமல் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று 2000 ஜூனில் தீர்ப்பு வந்தது. கல் மிஞ்சியது.

பின்னர் நம் நாட்டு ஆய்வாளர்கள் அதே எப்பாவலக் கல்லிலிருந்து ஹைட்ரொக்சி அப்பதைட்டைத் தயாரித்துக் காட்டினார்கள். ஆய்வுகூடத்தில் செய்ததை வைத்தியசாலைவரை கொண்டுவர இன்னும் நிறையப் பேர் படிக்க வேண்டும்.

அந்த ஏழு பேரும் கல்லைக் காப்பாற்றித் தந்தார்கள். அதை வைத்து என்ன செய்வதென்று கண்டுபிடிப்பது நம் பிள்ளைகளின் வேலை. வீட்டில் சாதாரண தரம் எழுதும் பிள்ளை இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். விஞ்ஞானப் பிரிவு கஷ்டம் என்று சொல்வதற்கு முன்பு.