வெட்டாது வளைத்த வரலாறு: உட்குழிந்த நெஞ்சும் சத்திரசிகிச்சையும்

ஈழத்துச் சைவாலயங்களில் ஆடவர் மேலாடை களைந்து வழிபடுதல் நெடுநாள் மரபு. வன்னிப் பெருநிலப்பரப்பிலும் அம்மரபே நிலவுகின்றது. ஏனையோர்க்கு எளிதான இச்செயல், நெஞ்சு உட்குழிந்த இளைஞனுக்கோ கடிதாகும். அவன் கோயில் வாயிலிலே தயங்குவான். குளத்தில் நண்பர் நீந்தக் கரையிலே சட்டையுடன் அமர்ந்திருப்பான். அவன் மறைக்கும் அக்குறையை மருத்துவம் எவ்வாறு அணுகி வந்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெஞ்சின் நடுவிலுள்ள மார்பெலும்பை விலா என்புகளுடன் இணைப்பன கசியிழையங்கள். அவை பிறழ வளருங்கால் மார்பெலும்பு உள்நோக்கி அமிழ்கின்றது. ஏறத்தாழ 300 முதல் 400 பிறப்புகளுக்கு ஒன்றாகக் காணப்படும் இந்நிலை, பெண்பாலாரினும் ஆண்பாலாரிடத்தே மிகுதி. பதின்ம வயது வளர்ச்சியின்போது குழி மேலும் ஆழமாதல் உண்டு. மிக ஆழ்ந்தவிடத்து இதயம் நெருக்குண்டு இடப்புறம் ஒதுங்கும். ஓடுங்கால் மூச்சிரைப்புத் தோன்றும்.

ஐரோப்பிய மருத்துவர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்நிலையை ஏட்டிற் பதிந்தனர். எனினும் கத்தி கொண்டு திருத்த முற்பட்டது 20ஆம் நூற்றாண்டிலேதான். ஜெர்மானியரான மேயர் 1911இலும் சவர்புருக் 1913இலும் அதற்கு வழிகாட்டினர். 1949இல் அமெரிக்கரான மார்க் ராவிச் வெளியிட்ட முறையே பின்னர் பல்லாண்டு கோலோச்சியது. நெஞ்சின் முன்புறத்தைத் திறந்து, பிறழ்ந்த கசியிழையங்களை வெட்டியகற்றி, மார்பெலும்பை நிமிர்த்துவது அம்முறை. ஆயின், மிக இளம் வயதிலே மிகுதியாக வெட்டப்பட்ட சிறார் சிலரின் நெஞ்சுக்கூடு, உடலோடு வளராது இறுகி மூச்சை நெருக்கியமையை 1996இல் ஹாலர் முதலானோர் எடுத்துக்காட்டினர். திருத்தமே தீங்காயிற்று.

இதற்கு முன்னரே, 1987இல், வேர்ஜீனியா மாநிலத்து நோர்போக் நகரிற் பணியாற்றிய டொனால்ட் நஸ் வேறு வழி கண்டார். சிறுவர் நெஞ்சு அழுத்தினால் வளையும். நாட்பட்ட நுரையீரல் நோயால் முதியோர் நெஞ்சும் பீப்பாய்போல் உருமாறும். பல்வைத்தியர் கம்பியிட்டுப் பற்களை நிரைப்படுத்துவர். மருத்துவர் யாவரும் அறிந்த இவ்வுண்மைகளிலிருந்து எழுந்த வினா ஒன்றே: வளையக்கூடியதை வெட்டுவானேன்? இரு பக்கவாட்டிலும் சிறு கீறலிட்டு, வளைந்த உலோகப் பட்டையொன்றை மார்பெலும்பின் பின்னாற் செலுத்தித் திருப்பிவிட, குழி அப்பொழுதே மேலெழுந்தது. நெஞ்சு புதிய வடிவிலே நிலைபெறும்வரை, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள், பட்டை உள்ளிருக்கும், பின்னர் அகற்றப்படும். 42 நோயாளர் பற்றிய பத்தாண்டு அனுபவம் 1998இல் வெளியானதும் இம்முறை உலகெங்கும் பரவியது.

சிறு கீறல் என்பதனாற் சிறு சிகிச்சை எனக் கொள்ளலாகாது. பட்டை செல்லும் வழி இதயத்தை ஒட்டியது. ஆதலின், நெஞ்சறையுட் சிறு கமராவைச் செலுத்தி, கண்ணாற் கண்டே பட்டையை வழிநடத்தும் முறை பின்னர் சேர்ந்தது. சிகிச்சைக்குப் பின்வரும் நோவும் கடுமையானது. தேர்ந்த நெஞ்சறைச் சத்திரசிகிச்சைப் பிரிவிலன்றி இது செய்யத்தக்கதன்று. குழிந்த நெஞ்சுடையார் எல்லோர்க்கும் வேண்டுவதுமன்று.

இவ்விடத்து வன்னிக்கெனத் தனியே சிந்திக்கவேண்டியதொன்றுண்டு. 2009இல் முடிவுற்ற போரின் எறிகணைத் துண்டுகளை இன்றும் உடலிற் சுமந்து வாழ்வோர் இம்மண்ணிற் பலர். அவர்களுக்கு உடலுள் உலோகம் என்பது நோவின் மறுபெயர். அத்தகைய தந்தையிடம், "உங்கள் மகனின் நெஞ்சில் உலோகப் பட்டை வைக்கவேண்டும்" எனக் கூறின் அவர் அஞ்சுதல் இயல்பே. இவ்வுலோகம் தங்குவதற்கன்று, நெஞ்சை நிமிர்த்தி நீங்குவதற்கே என்பதை அவர் உணரல் வேண்டும். அதனை உணர்த்தவல்லது அவர்தம் மொழியிற் பொறுமையுடன் கூறப்படும் விளக்கமேயாகும்.

அதற்கான மரபு நமக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவர்தம் முயற்சியால் 1867இல் 'இரணவைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூல் தமிழில் வெளிவந்தது. வெட்டும் வித்தையை அன்று தமிழிற் சொல்ல முடிந்ததெனின், வளைக்கும் வித்தையை இன்று சொல்லுதல் இயலாததாகுமோ? கோயில் வாயிலிலே தயங்கி நிற்கும் அவ்விளைஞனுக்கு, அவன் குறை ஊழன்று என முதலிற் சொல்லவேண்டியவர், அவனோடு பயில்வோரும் அவனுக்குக் கற்பிப்போருமாகிய நாமே.