தெனேர்: எதிர்கால வடிவம்

ஸ்பானிய மொழியில் உடைமையைக் குறிக்கும் வினை தெனேர். எதிர்காலத்தில் இது தெந்த்ரே (நான்), தெந்த்ராஸ் (நீ), தெந்த்ரா (அவன், அவள்), தெந்த்ரேமோஸ் (நாம்), தெந்த்ரேய்ஸ் (நீங்கள், பெரிதும் ஸ்பெயினில்), தெந்த்ரான் (அவர்கள்) எனத் திரியும். பழைய ‘தெனெரே’யின் நடு உயிர் தேய, னகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையே தகர ஒலி புகுந்தது. வெனீர் (வா), பொனேர் (வை) ஆகியவையும் இவ்வாறே. விகுதிகள் எல்லா வினைகளுக்கும் பொது. அடி மட்டுமே மாறும்.

இவ்வடிவம் வருங்காலத்தை மட்டும் சொல்வதன்று. நிகழ்கால ஊகத்துக்கும் இதுவே வரும்: ‘தெந்த்ரா த்ரெய்ந்தா அஞ்ஞோஸ்’ என்றால் ‘அவருக்கு முப்பது வயது இருக்கும்’. தமிழின் ‘இருக்கும்’ அப்படியே பொருந்துவதால் தமிழர் இதை எளிதில் பற்றிக்கொள்ளலாம். பாடநூல்கள் இதைக் கடைசிக்குத் தள்ளுவது சரியன்று. ‘கே’ சேர்ந்தால் கட்டாயப் பொருள்: ‘தெந்த்ரே கே இர்’, நான் போக வேண்டியிருக்கும். அன்றாடப் பேச்சில், குறிப்பாக லத்தீன் அமெரிக்காவில், எதிர்காலத்துக்கு ‘வோய் ஆ தெனேர்’ என்ற தொடரே மிகுதி.