யாரிடமிருந்து வந்த இலாபம்? என்விடியாவின் பிரிவுவாரிக் கணக்கை மறுவாசிப்பு செய்தல்

வரைகலை அட்டைத் துறையின் மிகை இலாபத்தை நுகர்வோர் வரவேற்கலாமா என்னும் விவாதத்தில் எதிரெதிர்த் தரப்புகள் இரண்டும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டுதான் வாதிடுகின்றன. என்விடியாவின் மொத்த இலாப விகிதம் 2023 நிதியாண்டில் 56.9 விழுக்காடு; 2025 நிதியாண்டில் 75. (அந்நிறுவனத்தின் நிதியாண்டு ஜனவரி இறுதியில் முடிகிறது.) நாளைய சில்லுக்கான விதைநெல் இது என்கிறது ஒரு தரப்பு. போட்டி இல்லாத சந்தையில் வாங்குபவர் கட்டிய கப்பம் என்கிறது மற்றொன்று. கணினி விளையாட்டுக்காக அட்டை வாங்குபவரின் பையிலிருந்துதான் இந்த இலாபம் வந்தது என்பதை இரண்டுமே கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றன. அந்த அடித்தளம் நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சான்று புதிதன்று. ஆண்டறிக்கையின் நிதிக் குறிப்புகளில், ‘வரைகலை’, ‘கணிப்பும் வலையமைப்பும்’ என்ற இரு பிரிவுகளுக்கும் தனித்தனியே வருவாயும் செயல்பாட்டு இலாபமும் தரும் சிறு பட்டியல் அது. 2022 நிதியாண்டில் வரைகலைப் பிரிவு 1,587 கோடி டாலர் வருவாயில் 849 கோடி இலாபம் ஈட்டியது, அதாவது 53.5 விழுக்காடு. 2023இல் இது 38.2 ஆகவும், 2024இல் 43.2 ஆகவும், 2025இல் 35.5 ஆகவும் பதிவாகியிருக்கிறது. கணிப்புப் பிரிவு இந்த நான்காண்டில் ஒட்டுமொத்தமாக எதிர்த்திசையில் நகர்ந்தது: முறையே 41.6, 33.7, 67.5, 71.3. இரு பிரிவுகளும் சேர்ந்து ஈட்டிய இலாபத்தில் வரைகலையின் பங்கு 2022இல் ஏறத்தாழ 65 விழுக்காடாக இருந்தது. 2025இல் 6 விழுக்காட்டையும் எட்டவில்லை. உலகமே வியந்த இலாபம் தரவு மையங்களில் விளைந்தது. அதே காலத்தில் விளையாட்டு அட்டைகள் அடங்கிய பிரிவின் இலாப விகிதம், நடுவே ஒருமுறை ஏறினாலும், ஒட்டுமொத்தத்தில் இறங்கியிருக்கிறது.

இந்தப் பட்டியலை அப்படியே நம்பலாமா? நிறுவனமே எழுதும் குறிப்பு நம்மை நிதானிக்க வைக்கிறது. ஒரு பிரிவுக்கே உரிய செலவுகள் அந்தப் பிரிவில் சேர்க்கப்படுகின்றன. ஒரே கட்டமைப்பைப் பகிர்ந்துகொள்வதால் எழும் பொதுச் செலவுகள் இரண்டுக்கும் பங்கிடப்படுகின்றன. எந்த விகிதத்தில் பங்கிடப்படுகின்றன என்பது பட்டியலில் இல்லை. ஊழியர்களுக்குப் பங்குகளாக வழங்கும் ஊதியம் எந்தப் பிரிவிலும் சேராமல் தனியே நிற்கிறது. 2025 அறிக்கையில் புதிதாகச் சேர்ந்த வரி ஒன்றும் பொருள் செலவு, சம்பளம், பொறியியல் மேம்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் ஒரே தொகையாகவே காட்டுகிறது. ஆக, 35.5 என்பது ஓரளவு கணக்காளரின் தீர்ப்பு. பங்கீட்டில் சிறு மாற்றம் செய்தால் அந்த எண் சில புள்ளிகள் ஏறலாம், இறங்கலாம். ஆனால் இரு பிரிவுகளுக்கும் நடுவே 36 புள்ளி இடைவெளி இருக்கிறது. வரைகலைப் பிரிவின் இலாபம் முழுவதையுமே கணிப்புப் பிரிவுக்கு மாற்றி எழுதினாலும் பின்னதன் விகிதம் ஐந்து புள்ளிக்கு மேல் உயராது. பங்கீட்டில் செய்யும் சிறு மாற்றத்தால் இடைவெளியின் அளவு மாறுமே தவிர, இடைவெளி மறையாது.

‘வரைகலை’ என்ற பெயரையும் உரசிப் பார்க்க வேண்டும். விளையாட்டு அட்டைகளோடு வடிவமைப்பாளர் பயன்படுத்தும் பணிநிலைய அட்டைகளும் அந்தப் பிரிவில் அடங்கும். அட்டையை வாங்கியவர் யார் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். 2018 நிதியாண்டின் இரு காலாண்டுகளில், விளையாட்டு அட்டைகளின் விற்பனை பெருகியதற்குக் கிரிப்டோ நாணயச் சுரங்கம் ஒரு முக்கியக் காரணம் என்பதை என்விடியா முதலீட்டாளர்களுக்கு உரிய முறையில் வெளியிடவில்லை என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2022 மே மாதம் முடிவுசெய்தது. குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் நிறுவனம் 55 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. அந்த ஆணை 2018ஐப் பற்றியது. அதை 2022இன் 53.5 விழுக்காட்டுக்கு நேரடியாக நீட்டிப்பது முறையன்று. எனினும் இரண்டாம் சுரங்க அலையின் நடுவே பதிவான எண் அது. 2021இல் நிறுவனமே தன் அட்டைகளின் எத்தீரியம் சுரங்க வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் சுரங்க முறையைக் கைவிட்ட பின் விகிதம் சரிந்துகிடந்ததும் கண்முன் இருக்கிறது. அந்த உச்சத்தில் பெரும்பங்கு தட்டுப்பாடு ஈன்ற இலாபம் என்றே கருதுகிறேன்.

இனி விதைநெல் வாதம். ஆய்வுச் செலவு 2023இல் 734 கோடி டாலராக இருந்து 2025இல் 1,291 கோடியாக உயர்ந்தது உண்மை. ஆனால் வருவாயில் அதன் பங்கு 27 விழுக்காட்டிலிருந்து 10க்கும் கீழே வந்துவிட்டது. 2025இல் தன் பங்குகளைத் திரும்ப வாங்க நிறுவனம் செலவிட்டது ஏறத்தாழ 3,370 கோடி. களஞ்சியம் நிரம்பிய பிறகு வரும் நெல்லையும் விதைநெல் என்று எண்ணிக்கொண்டிருப்பதற்கில்லை. தரவு மையத்துக்காக உருவான டென்சர் கருக்கள்தாம் 2018இல் விளையாட்டாளர்களுக்குப் படத் தெளிவை உயர்த்தும் டிஎல்எஸ்எஸ் நுட்பத்தைத் தந்தன என்று மறுமொழி சொல்வார்கள். ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் கடன் யார் யாருக்குப் பட்டது? தரவு மையக் கணிப்புக்கு அடித்தளமான, 2006இல் அறிவிக்கப்பட்ட குடா மென்பொருள் தளத்தை ஏறத்தாழப் பத்தாண்டுகள் சுமந்தது விளையாட்டு அட்டையின் வருவாய். 2017 நிதியாண்டில்கூட மொத்த வருவாய் 691 கோடியில் விளையாட்டின் பங்கு 406 கோடி. தரவு மையம் தந்தது 83 கோடி.

அப்படியானால் வரைகலைப் பிரிவின் விகிதம் இறங்கியது வாங்குபவருக்கு நற்செய்தியா? இலாபத்தைக் கப்பம் என்னும் தரப்பை அதன் சொற்களிலேயே ஏற்றால், ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அதற்கு உடன்படவில்லை. ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையிலுள்ள சில்லின் பரப்பு ஏறத்தாழ 608 சதுர மில்லிமீட்டர். தரவு மையங்களுக்கான எச்100 சில்லின் பரப்பு 814. இரண்டும் டிஎஸ்எம்சியின் ஒரே 4என் செயல்முறையில் உருவானவை. முதலாவது 1,599 டாலர் பட்டியல் விலையில் வெளிவந்தது. இரண்டாவது அதைப்போலப் பன்மடங்கு விலைக்குப் போனது. ஒரே சிலிக்கான் தகட்டுக்கும் ஒரே பொறியாளர் குழுவின் நேரத்துக்கும் இரு வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போது, 35 தருபவருக்கும் 71 தருபவருக்கும் ஒரே மரியாதை கிடைக்காது. சராசரி இலாபம் என்பது அடுத்த ஒரு தகட்டின் மீதான இலாபம் அன்று என்ற எச்சரிக்கை சரிதான். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியில் அது திசையை மாற்றாது. 2023இல் முட்டுக்கட்டையாக இருந்தது தகடு அன்று, அடுக்கிப் பொதியும் திறனே என்ற ஆட்சேபமும் உண்டு. பொதியும் திறன் பெருகும்; அப்போது வரிசை தகட்டுக்கு நகரும். அந்த ஆட்சேபத்துக்கு இதற்கு மேல் இடம் தர வேண்டியதில்லை.

மிகை இலாபம் போட்டியாளரை அழைத்து வரும் என்னும் பழைய ஆறுதல் மிச்சமிருக்கிறது. இன்டெல் 2022இல் ஆர்க் அட்டைகளோடு நுழைந்ததை இதற்குச் சான்றாக்குவது வழக்கம். ஆனால் தனி வரைகலைச் சில்லு செய்யும் திட்டத்தை இன்டெல் 2018இலேயே வெளிப்படுத்திவிட்டது. முடிவுக்கும் கடைக்கும் நடுவே நான்கு ஆண்டுகள் என்றால், ஈராண்டில் வடிந்துபோகும் சுரங்க இலாபம் யாரையும் அழைத்து வந்திருக்க முடியாது. அட்டையைக் கோத்து விற்கும் நிறுவனங்கள் எல்லாவற்றையும் அந்த இலாபம் நிறுத்திவைக்கவும் இல்லை: அவற்றுள் ஒன்றான ஈவிஜிஏ, 2022 செப்டம்பரில், இந்தத் தொழிலை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது.

ஆகவே நுகர்வோர் வரவேற்கத்தக்க இலாபம் ஒன்று உண்டு என்று துணிந்து சொல்கிறேன். விளையாட்டு அட்டையிலிருந்தே கிடைத்து, மிதமாக இருந்து, நெடுங்காலம் நீடிக்கும் இலாபம் அது. உற்பத்தியாளரை அந்த வாடிக்கையாளரிடம் நிறுத்திவைப்பதும், புதியவரை நம்பி இறங்கச் செய்வதும் அதுவே. வேறொருவரிடம் ஈட்டிய பேரிலாபம் விளையாட்டாளருக்குப் பரிசும் அன்று, அவரிடமிருந்து பறித்ததும் அன்று. வரிசையில் அவருக்கு முன்னால் நிற்கும் ஆள் அது. 2023 நிதியாண்டில் வரைகலைப் பிரிவின் விகிதம் கணிப்புப் பிரிவைவிட 4.5 புள்ளி கூடுதலாக இருந்தது. ஈராண்டில் அது 36 புள்ளி பின்தங்கியது. மொத்த இலாபத்தை வைத்து மகிழ்வதற்கோ கொதிப்பதற்கோ முன்னால், அந்தத் தூரத்தை அளந்து பார்க்க வேண்டும்.