சேணம் இல்லாத குதிரையும் மன்றோ துரையும்

சென்னையில தீவுத்திடல் பக்கம் போறப்பல்லாம் மன்றோ சிலையை ஒரு தடவை எட்டிப் பாக்கறது பழக்கமாயிடுச்சு. எல்லாம் ஊர்ப்பாசம் தான். எனக்கு பாப்பிரெட்டிப்பட்டி. 1792ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பாராமகால் சீமை எங்க பக்கம். கேப்டன் ரீடுக்கு உதவியாளரா வந்த தாமஸ் மன்றோ 1799 வரைக்கும் இங்கே நிலத்தீர்வை வேலை பாத்தார். தருமபுரியில் அவருக்கு நினைவுத்தூண் கூட இருக்கு.

சிலையை உத்துப் பாத்திருக்கீங்களா மக்களே? 1839ல் வெச்சது. குதிரை மேல சேணம் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை. சிற்பி சான்ட்ரி மறந்துட்டார்னு ஒரு கதை ரொம்ப நாளா ஓடுது. ஆனா லண்டன்ல அவர் செஞ்ச நாலாம் ஜார்ஜ் சிலைக்கும், வெலிங்டன் சிலைக்கும் இதே கதி தான். மூணு தடவையுமா மறப்பார்? வேணும்னே தான் விட்டிருக்கார் :-)

வெண்கலக் குதிரைக்கு சேணம் இல்லாட்டி பரவாயில்லை. நிஜக் குதிரைக்கு அது பெரிய தலைவலி.

சேணத்துக்குள்ளே ஒரு கட்டைச் சட்டம் இருக்கும். ரெண்டு பக்கமும் ரெண்டு பலகை, அதை இணைக்க முன்னாலயும் பின்னாலயும் வளைவு. பாரம் முதுகெலும்பு மேல விழக்கூடாது, ரெண்டு பக்கத்து சதை மேல பரவணும். வளைவு குறுகலா இருந்தா தோளை நெரிக்கும். அகலமா இருந்தா சேணம் கீழே இறங்கி, கழுத்தும் முதுகும் சேர்ற மேட்டில் உரசும். அப்புறம் புண்ணு தான். மார்வாரி, கத்தியவாரி மாதிரி ஒடிசலான குதிரைக்கு இந்த மேடு எடுப்பா இருக்கும். அகலமான உடம்புக் குதிரைக்கு செஞ்ச சேணம் இதுக்கு எப்படி உக்காரும்? அடியில கம்பளியை மடிச்சு வெச்சு சமாளிக்கலாம். ரொம்ப மடிச்சா சேணம் ஆட ஆரம்பிச்சுடும். போதாக்குறைக்கு, தீனி குறைஞ்சு குதிரை இளைச்சா போன மாசம் பொருந்தின சேணம் இந்த மாசம் பொருந்தாது.

ஆஸ்திரேலியாவில் இருந்து கப்பல்ல வந்த வேலர் குதிரை ஒரு மாதிரி, நாட்டுக்குதிரை ஒரு மாதிரி. பட்டாளமோ எல்லாத்துக்கும் ஒரே சேணம் தேடிச்சு. கடைசியில 1912 மாடல்ல பலகையை ஆணியில் கோத்து, குதிரையின் முதுகுக்கு ஏத்த மாதிரி அதுவா திரும்பற மாதிரி செஞ்சாங்க. குதிரையை சேணத்துக்கு மாத்த முடியாதுன்னு புரிய அத்தனை காலம்!

இதைப் படிச்சப்போ எனக்கு மன்றோ ஞாபகம் தான் வந்தது. 1793ல் வங்காளத்துல நிரந்தர ஜமீன் தீர்வை கொண்டு வந்தாங்க. அந்த ஒரே சேணத்தை எல்லா சீமைக்கும் போடப் பாத்தாங்க. ரீடும் மன்றோவும் பாராமகால்ல நிலத்தை அளந்து, ஒவ்வொரு ரயத்தோடவும் தனித்தனியா கணக்கு பேசினாங்க. மன்றோ போன பிறகு 1800களின் தொடக்கத்துல, சேலம் ஜில்லாவை மிட்டா மிட்டாவா பிரிச்சு ஏலம் விட்டாங்க. பல மிட்டாதாருங்க பணம் கட்ட முடியாம நொடிச்சுப் போனாங்க.

அதுக்காக மன்றோவை தூக்கி வெச்சு ஆடவும் முடியலை. கடப்பை, பல்லாரி பக்கம் அவர் போட்ட தீர்வை ரொம்ப அதிகம். 1807ல் கிளம்பறப்போ அவரே 25 சதவீதம் குறைக்கச் சொல்லி எழுதினார். சேணம் அளவா இருந்தாலும், மேல ஏத்தற பாரம் அதிகமானா முதுகு புண்ணாகத்தானே செய்யும்? அந்த முதுகு எங்க பாட்டன் பூட்டனோடது. 1820ல் கவர்னரா திரும்பி வந்த பிறகு தான் தீர்வை குறைஞ்சுது.

எங்க ஊர்ப்பக்கம் முனியப்பன் கோயில் மண்குதிரைக்கெல்லாம் சிவப்பு, மஞ்சள்ல சேணம் தீட்டியிருப்பாங்க. அடுத்த தடவை ஊருக்குப் போனா அதைத்தான் முதல்ல பாக்கணும்.