தைப்பதா, விடுவதா?

கதை எழுதுகிறவனுக்கு ரண சிகிச்சையின் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ராஜாக்களின் சரித்திரத்தில் கிடைக்காத திருப்பங்கள் எனக்கு அதில் கிடைக்கின்றன.

மலக்குடலில் வரும் கட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் டாக்டர் எர்னஸ்ட் மைல்ஸ் 1908-ல் வெளியிட்ட முறை, புற்றுநோய்க்கு வெகுகாலம் கோலோச்சியது. வயிற்றைத் திறந்து, மலக்குடலையும் ஆசனவாயையும் அடியோடு அகற்றிவிடுவார்கள். உயிர் பிழைத்தவர் வயிற்றில் வைத்த துவாரத்தோடு மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டும். கட்டி சிறியதாக, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் ஆசனவாய் வழியாகவே எடுத்துவிடலாம். சற்று உயரத்தில் இருந்துவிட்டாலோ, சிறிய கட்டிக்கும் பெரிய தண்டனைதான்.

இந்த அநியாயத்துக்கு 1983-ல் ஜெர்மனியில் ஒரு பரிகாரம் பிறந்தது. கெர்ஹார்ட் புயெஸ் என்ற டாக்டர், நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாயை ஆசனவாய் வழியே செலுத்தி, கரியமில வாயுவால் குடலை விரித்து, இரட்டைக் கண்ணாடியில் பார்த்தபடியே கட்டியை அறுத்தெடுத்தார். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை!

அறுத்தாயிற்று; புண்ணை என்ன செய்வது? குழாய்க்குள் ஊசி ஓட்டுவதே பெரும் பாடு. முடிச்சுப் போடுவது அதைவிடக் கஷ்டம். ஆகவே புயெஸ், நூலின் நுனியில் குட்டி வெள்ளிக் கவ்வியை வைத்து நெரித்து நிறுத்தினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தட்டான் வேலை அல்லவா இது!

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட தையலும் பலருக்குச் சில நாளில் பிரிந்துவிட்டது. அப்படியும் புண் ஆறியது. அப்படியானால் தைப்பானேன்? ஸ்பெயின் நாட்டு டாக்டர்கள் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தைத்தார்கள். மறு பாதிக்குத் திறந்தபடியே விட்டார்கள். 2002-ல் வெளியான முடிவில் பெரிய வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. தினமும் மலம் போகிற வழியில் திறந்து கிடந்த புண், அடியிலிருந்து சதை வளர்ந்து தானே மூடிக்கொண்டது. தைத்தவர்களுக்கு இரத்தப்போக்குக் குறைவு என்று பிற்பாடு சொன்னவர்களும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் வழக்கே கிடையாது. கட்டி உயரத்தில் இருந்து, அறுக்கும்போது வயிற்றறைக்குள்ளேயே வாசல் திறந்துவிட்டால், தைத்தே ஆக வேண்டும். உள்ளிருந்தபடி தைக்க முடியாவிட்டால், டாக்டர் வயிற்றுப் பக்கமாகப் போயாவது அந்த வாசலை அடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார்.