பெயர் தெரியாத புத்தகத்தைத் தேடிப் போகும் இடம்

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் புத்தக அலமாரி கிடையாது. தாத்தா வாங்கி வைத்தது, அப்பா படித்து அடிக்கோடு போட்டது என்று எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவருக்குக் காசு ஒரு சிக்கல் என்றால், எந்தப் புத்தகத்தைக் கேட்பது என்று தெரியாதது அதைவிடப் பெரிய சிக்கல். இணையத்தில் தேடுவதற்கும் ஒரு பெயர் வேண்டுமே! பெயர் தெரியாமலே போய், நின்று, புரட்டிப் பார்த்து, வாங்காமலும் திரும்பி வரலாம் என்றால் அது பழைய புத்தகக் கடைதான். அந்தக் கடைகளோடு நமக்குள்ள உறவு நூறாண்டுக்கும் மேற்பட்டது.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன அம்பேத்கர், நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தவர். சாப்பாட்டுச் செலவைச் சுருக்கி, ஊருக்கும் பணம் அனுப்பிக்கொண்டு, ஏறத்தாழ 2,000 பழைய புத்தகங்களை அவர் சேர்த்தார் என்று வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றை ஊருக்குக் கொண்டுவரும்படி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். எல்லாம் வந்து சேரவில்லை. 1917இல் லண்டனிலிருந்து திரும்பியபோது தனியாக அனுப்பிய பெட்டிகளோ, போர்க்காலத் தாக்குதலில் கப்பலோடு கடலில் மூழ்கின.

அதே ஆண்டு பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். உண்மை தெரிந்ததும் ஒரு கூட்டம் தடிகளோடு வந்து வெளியேற்றியது. இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பழைய புத்தகம் விற்ற நியூயார்க் கடைக்காரருக்கு வாங்குகிறவரின் சாதி தேவைப்படவில்லை. அறை வாடகைக்கு விட்ட பரோடாக்காரருக்குத் தேவைப்பட்டது. பின்னர் 1930களில் பம்பாய் தாதரில் அவர் கட்டிய ராஜகிருகத்தில், புத்தகங்களுக்கென்றே இடம் ஒதுக்கினார். வீடு தராத ஊரில் புத்தகங்களுக்கும் சேர்த்து வீடு கட்டிய மனிதர் அவர்.

சென்னைக்காரர்களுக்குப் பழைய புத்தகம் என்றால் மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் பெயரில் 1898இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1900இல் திறக்கப்பட்டது. பிராட்வே பகுதியின் தெருக்கடைக்காரர்களை ஓரிடத்துக்கு மாற்றுவதற்காக எழுந்த சிவப்புக் கட்டடம் அது. தெருவைச் சுத்தம் செய்யக் கட்டிய இடம், கையில் காசில்லாத மாணவர்களின் பல்கலைக்கழகமாக மாறியது. பாதி விலைக்குப் பாடநூல், படித்ததும் திருப்பிக் கொடுத்தால் அதில் ஒரு பங்கு கையில். மற்றதெல்லாம் பேரம்தான்! 1985 மே 30 அன்று தீயில் எரிந்தது. இன்று அந்த இடத்தில் சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கடைகளுக்குப் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். கடைகள் போயின, பழைய மூர் மார்க்கெட் போகவில்லை.

பழைய புத்தகக் கடைகளை நாம் நேசிப்பது உண்மை. ஆனால் அதை வெறும் ஏக்கமாகப் பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை. ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். பழைய புத்தகக் கடைக்குப் புத்தகம் எங்கிருந்து வருகிறது? ஒரு வீட்டில் பெரியவர் இறந்தால், வீடு மாறினால், அலமாரியைக் காலி செய்தால் வருகிறது. அப்படியானால் அலமாரி வைத்திருந்த வீடுகள் யாருடையவை? அந்த வீடுகளில் இருந்ததுதான் கடைக்கு வரும். வாசல் நமக்குத் திறந்திருந்தது. உள்ளே நம் வரலாறு அரிதாகவே இருந்தது. அதனால்தான் நம் முன்னோர் எழுதியதோடு நிற்காமல் விற்கவும் வேண்டியிருந்தது.

1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனும், 1907 ஜூனில் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்த அயோத்திதாசப் பண்டிதரும் அதைத்தான் செய்தார்கள். விலையையே பெயராக வைத்த இதழ் அது! யாரை வாசகராக நினைத்தார்கள் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஓராண்டுக்குப் பிறகு 'தமிழன்' ஆனது. பண்டிதர் 1914இல் மறைந்தபின் அவருடைய நூல்களை அச்சில் வைத்திருந்தது சென்னையின் பெரிய பதிப்பகம் எதுவும் இல்லை; கோலார் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. பூமிக்கடியில் இறங்கித் தங்கம் வெட்டிய தொழிலாளர்களின் ஊரில் ஒரு புத்தகசாலை! தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதுகிறவர்கள் அதற்கு ஒரு அத்தியாயமே ஒதுக்க வேண்டும்.

லாகூர் மாநாட்டில் பேச அனுமதிக்கப்படாத உரையை, 1936இல் அம்பேத்கர் தன் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. இரண்டே மாதத்தில் தீர்ந்துவிட்டது என்று 1937ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் சொல்கிறார். அதற்குள் குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது என்ற செய்தியும் அங்கேயே இருக்கிறது. மராத்தி வாசகர்களுக்கு முன்பே தமிழ் வாசகர் கையில் அந்த நூல் இருந்தது என்பதை நாம் கொஞ்சம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

இந்த மரபின் மிகப் பெரிய கடைக்குச் சுவரே கிடையாது. 1956 அக்டோபர் 14இல் பாபாசாகேப் தம்மம் ஏற்ற நாக்பூர் தீக்ஷாபூமியிலும், டிசம்பர் 6இல் தாதர் சைத்யபூமியை ஒட்டிய சிவாஜி பூங்காவிலும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். அங்கே வரிசை வரிசையாகப் புத்தகக் கடைகள். தார்ப்பாய் விரித்துத் தரையிலும் கடை. புலே, அம்பேத்கர், புத்தர் வரலாறு, சட்ட நூல்கள், சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு வெளியீடுகள். மகாராஷ்டிர அரசு 1979 முதல் வசந்த் மூன் தொகுப்பில் வெளியிட்ட அம்பேத்கர் தொகுதிகளுக்கு அங்கே வரிசையில் நிற்பார்கள். தனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பேரப்பிள்ளைக்கு என்று ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, அட்டைப் படத்தைப் பார்த்து, விலை கேட்டு வாங்கிப் போகும் பாட்டிகளை அங்கே பார்க்கலாம். அவர்களும் புத்தகம் புரட்டுகிறவர்கள்தான். உலகின் எந்த இலக்கியத் திருவிழாவில் இந்த வாசகர் கணக்கில் வருகிறார்?

டெல்லி தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் கூடிய பழைய புத்தகச் சந்தையை 2019இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் அகற்றினார்கள். கடைக்காரர்கள் போராடிப் பக்கத்தில் ஒரு வளாகத்தில் இடம் வாங்கினார்கள். மூர் மார்க்கெட் கதையேதான். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று முதலில் கண்ணில் படுவது நடைபாதைப் புத்தகக் கடையாகத்தான் இருக்கிறது. நம் ஊர்களிலும் இந்தக் கடைகளை அகற்ற வருவார்கள். அப்போது அங்கே போய் நிற்க வேண்டியவர்கள் நாம்.

சென்னையில் இருக்கும் தோழர்கள் திருவல்லிக்கேணி பாரதி சாலைக்கும் அல்லிக்குளத்துக்கும் ஒரு மாலை போய் வாருங்கள். அம்பேத்கர் தமிழ்த் தொகுதிகளில் ஒன்றிரண்டு இப்போது பழைய புத்தகமாகவும் கண்ணில் படலாம். பட்டால் முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். யாரோ ஒருவர் பெயர் எழுதி வைத்திருப்பார். நம் வீட்டிலும் அலமாரி வரத் தொடங்கிவிட்டது.