நிலவைத் தகட்டில் பதித்தவர்

கல்லூரியிற் பயின்ற நாளில், இரவலாகப் பெற்ற புகைப்படக் கருவியொன்றுடன் ஒரு பௌர்ணமி இரவில் மொட்டைமாடிக்குச் சென்றேன். இருட்டில் எடுக்கும் படமாதலின் ஒளி நிரம்ப வேண்டும் என்று கருதி, கருவியின் துவாரத்தை முழுதும் திறந்து அரை நிமிடம் காத்திருந்தேன். படச்சுருளைக் கழுவி வாங்கியபோது அதில் முயலும் இல்லை, களங்கமும் இல்லை; நீண்டு போன ஒரு வெள்ளைப் பொட்டே இருந்தது.

நான் செய்த பிழை இரண்டு. நிலவு பகலவன் ஒளியில் நனைந்து நிற்கும் பாறை. அதைப் பகற்காட்சியைப் போலவே படமெடுக்க வேண்டும் என்பதை மறந்தேன். அது ஓரிடத்தில் நில்லாது என்பதையும் மறந்தேன். பூமி சுழல்வதால், இரண்டு நிமிடத்தில் நிலவு தன் விட்டத்தின் அளவு வானத்தில் நகர்ந்துவிடுகிறது. முதற்பிழை எனக்கே உரியது. இரண்டாவதோ, எனக்கு நூறாண்டுகளுக்கு மேல் முற்பட்ட பெரியோர் பலரையும் அலைக்கழித்த இடையூறு. அவர்களுள் ஒருவரைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

புகைப்படக் கலை உலகறிய வெளிவந்தது 1839-ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்னும் இரசாயனப் பேராசிரியர் வெள்ளி பூசிய தகட்டில் நிலவைப் பதித்துக் காட்டினார். அதற்கு இருபது நிமிடம் பிடித்தது. உருவமும் ஓர் அங்குல அளவே. பின்னர் ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தின் பதினைந்து அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு, பாஸ்டன் நகரப் படப்பிடிப்பாளர் விப்பிள் இன்னும் தெளிவான படங்களை எடுத்தார். அவற்றுள் ஒன்று 1851-இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்கு வந்து சேர்ந்தது.

அதே கண்காட்சியில் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்த மற்றொரு பொருள், கடித உறைகளைத் தானே மடிக்கும் இயந்திரம். அதை அமைத்த இருவருள் ஒருவர் வாரன் டி லா ரூ. காகிதமும் சீட்டுக்கட்டும் அச்சிடும் குடும்பத் தொழில் அவருடையது. உறை மடிக்கும் பொறியைக் காட்ட வந்தவர், அங்கே நிலவின் படத்தைக் கண்டார், மனத்தைப் பறிகொடுத்தார்.

அவர் வானநூல் கற்பித்து ஊதியம் பெற்றவர் அல்லர். இத்தகையோரை ஆங்கிலத்தில் அமெச்சூர் என்பர். அரைகுறை என்னும் பொருளில் நாம் அச்சொல்லை ஆள்கிறோம். அதன் இலத்தீன் வேரோ அன்பைக் குறிப்பது. டி லா ரூவின் அன்பு சோம்பியிருக்கவில்லை. பதின்மூன்று அங்குலக் கண்ணாடியைத் தம் கையாலேயே தேய்த்து மெருகிட்டுத் தொலைநோக்கி அமைத்தவர் அவர்.

அவ்வாண்டில்தான் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டிருந்தார். கண்ணாடித் தகட்டில் பசைக் குழம்பை வார்த்து, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியும் முடிக்க வேண்டும். பழைய முறையைவிட இதற்கு ஒளி குறைவாகவே போதும். 1852-ஆம் ஆண்டு இறுதியில் டி லா ரூ இம்முறையை நிலவிடம் சோதித்தார். பத்து முதல் முப்பது விநாடி போதுமாயிருந்தது.

எனினும் முப்பது விநாடியில் நிலவு தன் விட்டத்தில் காற்பங்கு நகர்ந்துவிடுமே! அவருடைய தொலைநோக்கியில் அதனைப் பின்தொடரும் கடிகாரப் பொறி இல்லை. கையே பொறியாயிற்று. துணைத் தொலைநோக்கியிலுள்ள கம்பியின் மீது நிலவின் பள்ளமொன்றை நிறுத்தி, அது கம்பியை விட்டு விலகாதவாறு கையால் திருகிக்கொண்டே இருந்தார். உடனிருந்து நண்பர் ஒருவர் உதவினார். ஒரு விநாடி கை தடுமாறினாலும் படம் கெட்டுவிடும். அவ்வாறிருந்தும் சில நல்ல படங்கள் கிடைத்தன. ஆயினும் அவர் அம்முயற்சியை நிறுத்திவிட்டார்.

இவ்விடம் எனக்கு மிகவும் பிடித்தது. கிடைத்த சில படங்களைக் காட்டிப் புகழ் தேடியிருக்கலாம். தற்செயலாய் வாய்ப்பது போதாது என்று அவர் கருதினார். 1857-இல் இலண்டனுக்கு வெளியே கிரான்போர்டு என்னும் இடத்துக்குத் தொலைநோக்கியை மாற்றி, கடிகாரப் பொறியையும் பூட்டிய பிறகே மறுபடி தொடங்கினார். அப்போதும் வேலை எளிதன்று. விண்மீனைத் தொடரும் வேகம் நிலவுக்குப் பொருந்தாது. ஏனெனில் அது விண்மீன்களிடையே மணிக்கு ஏறத்தாழத் தன் விட்டத்தளவு கிழக்கே நகர்கிறது.

இனி அவர் செய்த விந்தையைக் கேளுங்கள். நிலவு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்கிறோம். உண்மையில் அது சிறிது தலையசைக்கிறது. அதனால் அதன் பரப்பில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பங்கை நாம் காலப்போக்கில் காண முடிகிறது. ஒரே பிறையளவில், வெவ்வேறு மாதங்களில், தலை சற்று இப்படியும் அப்படியும் திரும்பிய வேளையில் இரண்டு படங்கள் எடுத்து, இரட்டைப்படக் கண்ணாடியில் பக்கத்திற்கொன்றாக வைத்தார். நம் இரு கண்களின் இடைவெளி நிலவை உருண்டையாகக் காண்பதற்குப் போதாது. அவர் படங்களிலோ அது பந்துபோல் திரண்டு நின்றது! 1862-இல் இராயல் வானநூற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது.

சில ஆண்டுகளில் அவரையும் விஞ்சியவர், வழக்கறிஞர் தொழிலை விட்டு வானநூலுக்கு வந்த நியூயார்க்கின் ரூதர்பர்டு. அக்காலத் தகடுகள் நீலக் கதிர்களையே மிகுதியும் உணர்ந்தன. ஆகையால் கண்ணுக்கென்றல்லாமல், தகட்டுக்கென்றே பதினொன்றேகால் அங்குல வில்லையொன்றை அமைத்து, 1865-இல் மிக நேர்த்தியான நிலவுப் படங்களை எடுத்தார்.

டி லா ரூவின் வரலாற்றைப் படித்த பின் மீண்டும் மாடிக்கு ஏறினேன். இம்முறை துவாரத்தைப் பதினொன்றில் வைத்து, நூறு வேகமுள்ள சுருளில் விநாடியின் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கே ஒளியை விட்டேன். சுருளில் விழுந்த நிலவு அரை மில்லிமீட்டர்கூட இல்லை; கடுகினும் சிறிது. பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டம் வட்டமாகவே இருந்தது. அதனுள் மங்கலாக முயல் தெரிந்தது.